செல்லம்மாளைக் குளிப்பாட்டிய கை

சில மாதங்களுக்கு முன், முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நடந்த வாசிப்புக் கூட்டமொன்றில், புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' பற்றிக் கட்டுரை வாசித்தேன். பதினைந்து பேர் இருந்திருப்போம். தமிழ்ப் புனைகதையில் தொடுதல் ஆறுதலாகிற இடங்களிலெல்லாம் உச்சமான இடம் அந்தக் கதையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. துணிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை, செத்துப்போன தன் மனைவியின் உடம்பைத் தானே வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டுகிறார். கூப்பாடு இல்லை. ஊரைக் கூட்டவில்லை. சாதாரணமாக இதைச் செய்ய உறவுப் பெண்கள் வருவார்கள். பட்டணத்தில் அவருக்கு அப்படி யாரும் கிடையாது. அந்தக் கையைப் பற்றியே ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசினேன். எனக்கே திருப்தியாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து என் வண்டியில் கருவடிக்குப்பம் வரைக்கும் ஒரு தோழர் வந்தார். இயக்க வேலைகளில் இருக்கிறவர், நிறையப் படிப்பவர், கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. டீக்கடையில் இறங்கினதும் சொன்னார்:

"தோழர், ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. பிள்ளைவாள் ஒரே ஒரு பொணத்தைக் குளிப்பாட்டினாரு. நீங்க ஒரு மணி நேரம் பேசிட்டீங்க. எங்க தாத்தா ஊர்ல செத்த அத்தினி பேரையும் தொட்டுத் தூக்கி எரிச்சவரு. அதை எவனாவது கதையா எழுதினா, தொழில்னு சொல்லுவீங்க. அன்புன்னு சொல்ல மாட்டீங்க."

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பதில் முழுசாக இன்றைக்கும் இல்லை. ஆனால் அவருடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதே கதைகளைத் திரும்பப் படித்தபோது, முன்பு கண்ணில் படாத சில விஷயங்கள் பட்டன. அவற்றை எழுதி வைக்கிறேன்.

*

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு முதலில் சொல்லின் மேல்தான் கண் போகும். நம்மிடம் தொடுகைக்கு இரண்டு வினைகள் இருக்கின்றன: தொடு, தீண்டு. வள்ளுவர் பிள்ளையின் உடம்பு பெற்றோர் மேல் படுகிற சுகத்தைச் சொல்லும்போது (குறள் 65) 'தீண்டல்' என்கிறார். காதலியின் தோள் பட்டு உயிர் தளிர்க்கிறதைச் சொல்லும்போதும் (1106) அதே வினைதான் வருகிறது. குழந்தைக்கும் ஆகிவந்த சொல், காதலுக்கும் ஆகிவந்த சொல். அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். இன்றைய பேச்சிலும் உரைநடையிலும் 'தீண்டு' இரண்டு இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஒன்று, பாம்பு தீண்டியது. இன்னொன்று, தீண்டாமை. விஷமும் சாதியும். ஒரு வினைச்சொல்லிலிருந்து ஆறுதலை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு நஞ்சை மட்டும் மிச்சம் வைத்த சமூகம் இது.

பாரதி இந்தச் சொல்லை மீட்கப் பார்த்தார். நந்தலாலா பாட்டில் நெருப்பில் விரலை வைக்கும்போது கிடைக்கிற இன்பத்துக்கு அவர் போட்ட வினை 'தீண்டு'தான். சினிமாப் பாட்டும் அவ்வப்போது மீட்கிறது. அங்கே காதலுக்கு மட்டும் அனுமதி. சிறுகதையும் நாவலும் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா பிள்ளையைத் தீண்டினாள் என்று யாராவது எழுதிப் பார்க்கட்டும், பிழை திருத்துகிறவர் அடித்துவிடுவார்.

'தொடு' மட்டும் சுத்தமாக இருக்கிறதா? பேச்சில் 'தொடுப்பு' என்றால் கள்ள உறவு. 'கை வச்சிட்டான்' என்றால் அடித்தான், அல்லது அதைவிட மோசமாக எதையோ செய்தான். வளர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் ஆறுதலுக்காகத் தொட்டார்கள் என்று சந்தேகம் கலக்காமல் சொல்ல ஒற்றை வினை நமக்கு இல்லை. 'தடவிக்கொடுத்தான்', 'அணைச்சிக்கிட்டா' என்று துணைவினை போட்டுத்தான் சமாளிக்கிறோம். எங்கள் ஊர் சொல்தா வீடுகளில், பிரான்சிலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஆயா அதைப் பார்த்துவிட்டு வந்து நடித்துக் காட்டிச் சிரிக்கும். சிரிப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆயாவின் தலைமுறைக்குக் கட்டிப்பிடிக்க ஓரிடம் இருந்தது, சாவு வீடு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் போட்டு ஒப்பாரி வைப்பார்கள். வருஷக்கணக்காகப் பேசாத ஓரகத்திகள் அங்கே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் வெளியே பந்தலில் நின்று நீட்டிய கையைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த உரிமம்தான் கதைகளிலும் செல்லுபடியாகிறது. சாவு, நோய், குழந்தைமை, பித்து இவற்றில் ஒன்று இருந்தால்தான் நம் கதைமாந்தர் ஒருவரையொருவர் ஆறுதலாகத் தொடலாம். எல்லாரையும் தொட விரும்புகிற ஒரு பெண்ணை, அம்மணியை, தி. ஜானகிராமன் 'மரப்பசு'வில் (1975) படைத்தார். அவளை வாசகர் கூட்டம் எப்படி வாசித்தது என்பது நமக்குத் தெரியும். அவளுடைய தொடுதலில் ஆறுதலைத் தேடினவர்கள் குறைவு, ஒழுக்கத்தைத் தேடினவர்களே அதிகம்.

*

இப்போது புதுமைப்பித்தன். 'செல்லம்மாள்', 'சாப விமோசனம்' இரண்டும் 1943இல் 'கலைமகள்' இதழில் வந்தவை. ஒன்று பட்டணத்து ஒண்டிக்குடித்தனம், இன்னொன்று ராமாயணத்து ஆசிரமம். இவற்றைத் தனித்தனி வகைகளாகவே நாம் பிரித்துப் படித்து வந்திருக்கிறோம். 'செல்லம்மாள்' யதார்த்தம், 'சாப விமோசனம்' மறுவாசிப்பு என்று பாடம் நடத்துகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் பரீட்சை எழுதினேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படித்தால் வேறொரு விஷயம் தெரிகிறது.

செல்லம்மாள் சாவதற்கு முன் நினைவு தடுமாறுகிறாள். பக்கத்தில் இருக்கிற புருஷனைத் தன் தாய் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாள். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு என்கிறாள். அதோடு விடவில்லை. தன்னைக் கட்டிப்போடுகிற துரோகி ஒருவனைப் பற்றி அந்தத் 'தாயி'டம் முறையிடுகிறாள். அந்தத் துரோகி பிரமநாயகம் பிள்ளைதான். அவர் என்ன செய்கிறார்? நான்தான் உன் புருஷன் என்று திருத்தவில்லை. ஆமாம், இப்போதுதான் வந்தேன் என்று தாயாகவே பதில் சொல்லுகிறார். எல்லோரும் இந்த இடத்தில் அவருடைய அன்பைப் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். ஆனால் அந்த அன்புக்குப் புதுமைப்பித்தன் வைத்திருக்கிற நிபந்தனை கொடுமையானது. அவள் பார்வையிலிருந்து புருஷன் என்கிற ஆள் அழிந்த பிறகுதான் அவருடைய அருகாமை அவளுக்கு ஆறுதலாகிறது.

'சாப விமோசன'த்தில் இதன் மறுபக்கம். அகலிகையைக் கல்லிலிருந்து எழுப்புகிறது கைகூட இல்லை, ஓடி விளையாடுகிற பிள்ளையின் காலிலிருந்து கிளம்பின தூசி. பிறகு நெடுங்காலம் கோதமனும் அவளும் நல்லபடியாக வாழப் பார்க்கிறார்கள். கோதமன் கெட்டவன் இல்லை. யோசிக்கிறவன், தன்னையே சந்தேகப்படத் தெரிந்தவன். தீக்குளித்த கதையைச் சீதை சொல்லிவிட்டுப் போன பிறகு அகலிகைக்குள் ஏதோ இறுகிவிடுகிறது. ஒரு குழந்தை வந்தால் இந்தப் புண் ஆறும் என்று எண்ணி, ஆறுதலாகத்தான், கோதமன் அவளைத் தழுவுகிறான். அவளுக்கு அது கோதமன் வேஷத்தில் வந்த இந்திரனாகப் படுகிறது. அவன் கைக்குள்ளேயே மறுபடி கல்லாகிறாள்.

இரண்டு கதையிலும் மனைவி புருஷனை அடையாளம் தவறிப் பார்க்கிறாள். ஒருத்திக்கு அவன் தாய், இன்னொருத்திக்கு அவன் இந்திரன். புருஷனைப் புருஷனாகவே பார்த்து, அவன் தொடுதலில் ஆறுதல் கொள்கிற மனைவி இரண்டிலும் இல்லை. ஒரே வருஷத்தில், ஒரே பத்திரிகையில், இப்படி இரண்டு கதை எழுதியவருக்கு இது தெரியாமல் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அப்படியே தெரியாமல் நடந்திருந்தாலும் பிரதிக்குத் தெரிந்திருக்கிறது. குடும்பம் என்கிற நிறுவனத்துக்குள் ஆணின் கைக்கு ஏற்கெனவே அதிகாரம் ஏறியிருக்கிறது. அந்தக் கை ஆறுதல் சொல்ல வரும்போதும் அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. எனவே பிரமநாயகம் பிள்ளையின் கை முழுச் சுதந்திரத்தோடு தொடக்கூடிய உடம்பு ஒன்றே ஒன்றுதான். அவரைத் தாயென்றோ துரோகியென்றோ எந்தப் பேராலும் இனிக் கூப்பிட முடியாத உடம்பு.

கூட்டத்தில் நான் பேசியதில் இந்தப் பகுதி இல்லை. தோழர் கேட்ட பிறகுதான் தோன்றியது.

*

எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையான பத்தாண்டுகளில் பாரதி வந்து போன தோப்பு, குயில் பாட்டுக்குக் களமான தோப்பு, கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயில் பக்கத்தில் இருந்தது. குயில் தோப்பு என்றே பேர். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அங்கே எந்தக் குயிலும் கூவின ஞாபகம் எனக்கு இல்லை.

குயில் பாட்டு செய்யுளில் எழுதப்பட்ட புனைகதை என்று எடுத்துக்கொண்டால், அதன் திருப்பங்களெல்லாம் தொடுதலில்தான் நடக்கின்றன. முற்பிறப்புக் கதையில் குத்துப்பட்ட இளவரசன் வேட்டுவப் பெண்ணான சின்னக்குயிலியின் மடியில் சாகிறான். இந்தப் பிறப்பில் குயில் கவிஞன் கையில் வந்து விழுகிறது, அவன் முத்தமிட்டதும் பெண்ணாகிறது. தழுவுகிறான், மறைந்துவிடுகிறாள், விழித்துக்கொள்கிறான். அதாவது சாகிறவனுக்கு மடி கிடைக்கிறது, கனவு காண்கிறவனுக்குத் தழுவல் கிடைக்கிறது. விழித்திருக்கிறவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அகலிகை தூசி பட்டுப் பெண்ணாகிறாள், குயில் முத்தம் பட்டுப் பெண்ணாகிறது. இரண்டிலும் ஆணின் தொடுகையே பெண்ணைப் படைக்கிறது. வித்தியாசம், புதுமைப்பித்தன் அடுத்த கேள்வியையும் கேட்டார்: படைத்த கை திரும்பத் தொட வந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

பாரதியின் வாழ்க்கையில் இன்னொரு தொடுதலும் புதுச்சேரியிலேயே நடந்தது. 1913இல் கனகலிங்கம் என்கிற தலித் இளைஞருக்கு அவர் பூணூல் போட்டார். கனகலிங்கம் பிற்பாடு 'என் குருநாதர் பாரதியார்' (1947) என்று நினைவுநூல் எழுதினார். இந்தச் சம்பவத்தைப் புரட்சி என்று ஒரு தரப்பும், பார்ப்பனமயமாக்கல் என்று இன்னொரு தரப்பும் சண்டை போட்டு அலுத்துவிட்டார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறு. நூல் கையிலிருந்து தோளுக்குப் போகிற அந்த நிமிஷத்தில் இரண்டு உடம்புகள் பட்டிருக்கும். நாம் நூலைப் பற்றி நூறு வருஷமாகப் பேசுகிறோம். கை பட்டதைப் பற்றிப் பேசவில்லை. தொடுவதற்கு ஒரு சடங்கு தேவைப்பட்டது என்பதும், சடங்கு இல்லாத தொடுதலுக்கு அப்போது மொழியே இல்லை என்பதும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை என்று நினைக்கிறேன்.

*

தொட ஆள் இல்லாதபோது நம் கதைகள் பொருளைத் தொட வைக்கின்றன. இதில் நம்முடைய கதைக்காரர்கள் உண்மையிலேயே பெரிய ஆட்கள். கி. ராஜநாராயணனின் 'கதவு' நினைவுக்கு வருகிறது. (1989இல் புதுவைக்கு வந்த கி.ரா. எங்கள் பக்கத்து இலாசுப்பேட்டையில் 2021இல் இறக்கும்வரை இருந்தார். தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, கிட்டப்போய்ப் பேசத் தைரியம் வரவில்லை.) தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுந்து கைக்குழந்தை செத்துப்போகிறது. பிறகு சாவடிக்குப் பின்னால் கிடக்கிற அந்தக் கதவைக் கண்டுபிடிக்கிற அக்காவும் தம்பியும் அதைத் தொட்டுத் தடவி, செல்லரித்த இடத்தைத் தட்டிவிட்டு, விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். செத்த தம்பியையும் ஊரில் இல்லாத அப்பாவையும் தொட முடியாத கைகள் அந்த மரத்தைத் தொடுகின்றன. அரசாங்கம் எடுத்துக்கொண்டுபோனது வெறும் மரத்தை இல்லை என்று கி.ரா. ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. பிடித்த பிடியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' ('சிறகுகள் முறியும்', 1976) எதிர்த்திசையில் போகிறது. பெரியமனுஷியாகிவிட்ட சிறுமி, ஊருக்குப் போயிருக்கிற அம்மா வந்து அணைத்து இது என்ன என்று சொல்லித் தருவாள் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள், கை வரவில்லை. ஒரு சுடுசொல் வருகிறது. தலைப்பில் இருக்கிற கொலை அதுதான். கவனிக்க, அந்த அம்மாவும் வேறொரு வீட்டில் கறுப்பென்று தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் அவமானத்தைச் சுமந்துகொண்டு வந்தவள். தீட்டு என்கிற சொல் வீட்டுக்குள்ளும் வேலை செய்கிறது, தெருவிலும் வேலை செய்கிறது. 'தீண்டு' வினையின் நஞ்சு வாசலில் நின்றுவிடுவதில்லை.

*

தோழரின் கேள்விக்கு வருகிறேன். தொழிலா, அன்பா?

நம் விமர்சனத்தில் தொடுதல் பற்றிப் பேச வருகிறவர்கள் கோட்பாட்டோடு வருவது வழக்கம், நானும் அப்படித்தான். சுந்தர் சருக்கை தீண்டாமையின் நிகழ்வியல் பற்றி 2009இல் எழுதிய கட்டுரை முக்கியமானது. கோபால் குருவோடு சேர்ந்து அவர் 2012இல் கொண்டுவந்த நூலிலும் அது இருக்கிறது. தொடுகிறவன் அதே கணத்தில் தொடப்படவும் செய்கிறான், ஆகவே தொட மறுக்கிறவன் தன் தோலையே பூட்டிக்கொள்கிறான், தீண்டாமையின் மூல இடம் மறுக்கிறவனுடைய உடம்பு என்பது நான் புரிந்துகொண்ட அளவில் அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு நெருடல். மறுபடியும் பேச்சு மறுக்கிறவன் தோலைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது. தொடுவதையே வேலையாகச் செய்கிற கை என்ன உணர்கிறது என்கிற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. பிரெஞ்சுக் காலனியான மார்த்தினிக்கில் பிறந்த ஃபனான், 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' (1952) நூலின் கடைசியில், மற்றவரைத் தொட்டு உணரச் சும்மா முயன்று பார்த்தால் என்ன என்கிற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது, நம் ஊர்க்காரன் கேட்ட மாதிரியே இருக்கும். ஆனால் 'முயன்று பார்க்கலாமா' என்று கேட்கிற வசதி எல்லோருக்கும் இல்லை. சிலர் பிறந்ததிலிருந்து மற்றவர் உடம்புகளைத் தொட்டே தீர வேண்டும். திரும்பி அவர்களைத் தொடத்தான் ஆள் கிடையாது.

பாமாவின் 'கருக்கு'வில் (1992) வருகிற பலகாரப் பொட்டலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெரியவர் ஒருவர் பொட்டலத்தின் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார், சிறுமி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், அண்ணன் விளக்கிய பிறகு சிரிப்பு போகிறது. கனகலிங்கத்தின் தோளில் விழுந்த நூலும் இந்தப் பொட்டலத்து நூலும் என் மனசில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

வெட்டியானைப் பற்றி நமக்குப் புகழ்பெற்ற ஒரு கதை இருக்கிறது, ஜெயகாந்தனின் 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி'. ஆண்டி சுடுகாட்டில் குழந்தைகளுக்குக் குழி வெட்டுகிறவன். அர்த்தம் தெரியாத பாட்டைப் பாடிக்கொண்டே சந்தோஷமாக வெட்டுகிறான். வெகுகாலம் கழித்துப் பிறந்த தன் பிள்ளை இருளன் செத்த பிறகு அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அதன்பின் வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் அழுகிறான், ஊர் அவனைப் பைத்தியம் என்கிறது. பத்தொன்பது வயசில் இதைப் படித்துவிட்டு அழுதிருக்கிறேன். இப்போது படிக்கையில் கோபம் வருகிறது. சொந்தப் பிள்ளை சாகும்வரைக்கும் அந்தக் கைக்கு உணர்ச்சியே கிடையாது என்பது கதையின் அஸ்திவாரம். அத்தனை குழந்தைகளையும் வாங்கிக் குழிக்குள் இறக்கினவனுக்கு ஒரு தடவைகூட நெஞ்சு கனக்கவில்லை என்று எழுத, எழுதுகிறவன் அந்தக் குழிக்கு வெளியே நிற்க வேண்டும். ஜெயகாந்தனுக்கு மனிதாபிமானம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய மனிதாபிமானம்தான் ஆண்டிக்கு மனசைக் கொடுக்கிறது. ஆண்டியிடம் ஏற்கெனவே இருந்திருக்கலாம் என்கிற சந்தேகம் அதற்கு வரவில்லை.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) வந்தபோது நடந்த சண்டை பெரிசு. தலித்துகளுக்குள்ளே இருக்கிற ஒடுக்குமுறையை எழுதலாமா கூடாதா என்பதே பேச்சாக இருந்தது. அந்தச் சண்டையின் சத்தத்தில் ஆரோக்கியத்தின் கையை நாம் பார்க்கத் தவறிவிட்டோம். சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் அவள். பேறுகாலத்துக்கு அவள் போக வேண்டும், சாவுக்கும் அவள் போக வேண்டும். தீட்டுத் துணி அவள் கைக்குத்தான் வரும். ஒவ்வொரு உடம்பின் முதல் ஈரத்தையும் கடைசி ஈரத்தையும் தொடுகிற கை. இதையெல்லாம் இமையம் அடிமைத்தனம் என்றே எழுதுகிறார், மழுப்பவில்லை. அதே நேரத்தில் ஆரோக்கியம் அந்தச் சனங்களைத் தன் சனமாக நினைத்துக் கவலைப்படுவதையும் எழுதுகிறார். கூலி குறைவதற்காகவும் அழுகிறாள், உறவு குறைவதற்காகவும் அழுகிறாள். எது எதற்கான அழுகை என்று பிரிக்க வாசகனால் ஆகாது. தொழிலா அன்பா என்கிற கேள்வியே அங்கே செல்லாது. தோழரிடம் போனில் இதைச் சொன்னேன். "அதை அடிமைத்தனத்துக்குச் சப்பைக்கட்டாக்கிடாதீங்க, அது போதும்" என்றார். அவர் பயமும் நியாயம். அன்பாகத்தானே செய்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் கூலி கொடுக்காமல் காலம் தள்ளினோம்.

*

எங்கள் ஊர் மயானத்தில்தான் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் இறந்தார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து, மேடையையே நடுங்க வைத்த அந்தக் குரல் போய்விட்டது. நாடகக்காரர்கள் வந்து மாலை போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சமாதியைத் தாண்டித்தான் அப்பாவைக் கொண்டுபோனோம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயசு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என்னை யாரும் தொடவில்லை. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். என்னைப் பெரியப்பாவும் மாமாக்களும் வேலை ஏவிக்கொண்டிருந்தார்கள்: "அதை எடுடா, இங்க நில்லுடா, தலையைக் குனிடா." ஈரவேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்து, கொள்ளியை வாங்கினபோது கை ஆட ஆரம்பித்துவிட்டது. அங்கே வேலை செய்கிறவர் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தார். "பயப்படாத. நான் புடிச்சிருக்கறேன். மெதுவா வையி." வைத்ததும் இரண்டு தோளையும் பற்றித் திருப்பிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "திரும்பிப் பாக்காம போப்பா." சொரசொரவென்று, சூடாக, பெரிய கை. அப்பா செத்த அன்றைக்கு என்னைத் தொட்ட கை அது ஒன்றுதான்.

வெளியே வந்து கை கால் கழுவும்போது அவர் ஏதோ கூடக் கேட்டிருக்கிறார். பெரியப்பா, "அதான் பேசின காசு குடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று சத்தம் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் எல்லோரும் தலைமுழுகினோம். அவர் தொட்டதையும் சேர்த்துத்தான் கழுவினோம். நான் பிறந்த சாதியில் இதற்கு ஒரு பேர் வைக்கக்கூடத் தேவையில்லை, அவ்வளவு சாதாரணம்.

2020 ஜூனில், கொரோனாவில் இறந்த ஒருவரின் உடலைப் பாதுகாப்பு உடை போட்டவர்கள் குழிக்குள் அப்படியே தள்ளிவிட்ட காட்சி புதுச்சேரியிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. எல்லோரும் பதறினோம். நானும் பதறினேன். அதற்கு முன்பு ஒவ்வொரு பிணத்தையும் எவ்வளவு மெதுவாக இறக்கினார்கள் என்பது அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது. அந்த மெதுவை யாரும் அவர்களிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது 'செல்லம்மாள்' கதையை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையின் கையைப் பற்றி நான் கூட்டத்தில் சொன்னதில் எதையும் திரும்பப் பெறத் தேவையில்லை. ஆனால் கதை அந்தக் கையோடு முடிவதில்லை. விடிகிற நேரத்தில் சங்கு ஒலிக்கிறது. அந்தச் சங்குக்குத் தன் துக்கம் என்று ஒன்றும் இல்லாத மாதிரி எழுதியிருக்கிறார் புதுமைப்பித்தன். ஒப்பாரி மட்டும் வைக்கிறது. யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து வந்து, அதை வாயில் வைத்து, மூச்சைப் பிடித்து ஊதியிருக்க வேண்டும். அவரைத்தான் கொஞ்ச நேரத்தில் செல்லம்மாளைத் தூக்கவும் கூப்பிடுவார்களோ என்னவோ. கதையில் சத்தம் கேட்கிறது, ஆள் உள்ளே வரவில்லை.